மற்றவை

மைனஸ் முப்பத்தொன்று.
மண்டல்கோவியிலிருந்து லாரி கொண்டுவந்த
இருமல் சிரப்பின் அடியில்
சர்க்கரை கல்லாக உட்கார்ந்துவிட்டது.
குலுக்கினேன். கலங்கவில்லை.
பத்து பாட்டில் நஷ்டம் என்று
பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது
ஷாக்தர் உள்ளே வந்தார்,
டீசல் வாடையும் தோளில் பனியுமாக.

வயிற்றுப் புண். கிருமி.
பதினான்கு நாள், மூன்று மருந்து, காலையும் இரவும்.
போன வாரம்தான் கொடுத்தனுப்பினேன்.
இப்போது மருந்துப் பெட்டியின் துண்டுத்தாளை
மேசையில் விரித்து
ஒரு வரியில் நகத்தை ஊன்றுகிறார்:
மருந்து, இருபது மில்லிகிராம்.
"அப்படியென்றால் இந்த 'மற்றவை'?
குளிகை இதைவிடக் கனமாக இருக்கிறதே.
மிச்சத்துக்கும் சேர்த்தா காசு வாங்கினாய்?"

ஆமாம் என்றேன்.
இருபது மில்லிகிராம் என்பது
உங்கள் இமையில் உருகும் அந்தப் பனியளவு.
அதை மட்டும் உள்ளங்கையில் வைத்தால்
ஒரு தும்மலுக்குத் தாங்காது.
எடுக்க, எண்ண, விழுங்க
அதற்கு ஓர் உடம்பு வேண்டாமா?

"இதென்ன, லாக்டோஸ்?"
பாலில் இருக்கும் சர்க்கரை.
"ஜெலட்டின்?"
குளிகையின் கூடு. தோலையும் எலும்பையும்
கொதிக்கவைத்தால் வருவது.
"இந்த நீளமான பெயர்? ஸ்டியரேட்?"
கொழுப்பிலிருந்து எடுக்கலாம், செடியிலிருந்தும் எடுக்கலாம்.
அச்சில் ஒட்டாமல் மாத்திரை வழுக்கி விழுவதற்கு.

பால். தோல். எலும்பு. கொழுப்பு.
விரல் மடக்கிக்கொண்டே வந்தவர்
நான்காவது விரலில் நின்றுவிட்டார்.

போன குளிர்காலம் எனக்கும் தெரியும்.
புல்லின்மேல் பனி தகடாக இறுகியது.
இருநூற்றுப் பதினேழு ஆடு, பதினொரு மாடு.
சில நின்றபடியே விறைத்தன.
வெயில் திரும்பியதும் தோல் வியாபாரி வந்தான்.
எலும்புக்கும் ஒரு விலை சொன்னான்.
ஷாக்தர் பேரம் பேசவில்லை என்பதுதான்
அப்போது ஊரெல்லாம் பேச்சு.

"என் மாடா இது?"

இல்லை. கூடு செய்த ஆலை வேறு தேசத்தில்.
யாருடைய மாடோ.

"யாருடையதோ," என்றார்,
அந்த மாட்டுக்காரனைத் தெரிந்தவர்போல.
பிறகு பொடிப்பையை அவிழ்த்து
மேசையில் கொட்டினார்:
பன்னிரண்டு காலிக் கூடுகள்,
பாதி பாதியாகப் பிரித்தவை.
ஆறு நாளாகக் குளிகையைத் திறந்து
உள்ளே இருந்த மணிகளைக் கடைவாயில் அரைத்து
உப்புத் தேநீரோடு இறக்கியிருக்கிறார்.
"கூடு பிளாஸ்டிக் என்று நினைத்தேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது.
கேளுங்கள். அந்த மணி ஒவ்வொன்றின் நடுவிலும்
ஒரு பொட்டுச் சர்க்கரை.
அதன்மேல் மருந்து.
மருந்தின்மேல் மெல்லிய பூச்சு ஒன்று.
வயிற்றின் அமிலத்துக்கு அது கரையாது,
குடலுக்குப் போன பிறகுதான் வழிவிடும்.
அமிலம் பட்டால் இந்த மருந்து செத்துவிடும், புரிகிறதா?
போர்த்தியிருந்த கம்பளியை நீங்கள் கடித்துக் கிழித்துவிட்டு
வெற்றுடம்போடு அதை அந்தக் குளிரில் விரட்டினால்
என்ன ஆகும் என்று உங்களுக்கு நான்

சொல்லியிருக்க வேண்டாம்.
அடுப்பில் கரி சரிந்தது.
இருவரும் அதைக் கேட்டோம்.

பேரேட்டைப் புரட்டினேன்.
முதலிலிருந்து பதினான்கு நாள், புதிய பெட்டிகள்.
டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.
அவர் நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணி வைத்துவிட்டுத்
தண்ணீர் கேட்டார்.

முதல் குளிகையை நாக்கில் வைத்தார்.
வாயை மூடினார். விழுங்கவில்லை.
தொண்டையில் சிக்கிவிட்டதோ என்று
மேசையைச் சுற்றி ஓடிவந்தேன்.

"ஒட்டுகிறது," என்றார்.
"எலும்புப் பசை. எனக்குத் தெரியாதா?
சேணத்துக்குப் போட்டிருக்கிறேன்."
தண்ணீரை ஒரே மடக்காகக் குடித்தார்.

காலிக் கூடுகளை நான் குப்பைக்கு ஒதுக்கப்போனேன்.
அவர் கை முந்திக்கொண்டது.
ஒவ்வொரு பாதிக்கும் அதன் மறுபாதியைத் தேடிப் பொருத்தி
பொடிப்பையில் போட்டுக்கொண்டார்.
நேரமானது.
வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.